ஆணும் பெண்ணும் ஏறினால்தான் இந்தப் படகு கிளம்பும்

பந்தயத்தின் முதல் மிதவையைச் சுற்றித் திரும்பும் அந்த ஆறேழு விநாடிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதுவரை படகு காற்றை எதிர்த்து ஏறி வந்துகொண்டிருக்கும். சுக்கான் பிடிப்பவர், பாய்க்கயிறு பிடிப்பவர் என இரண்டே பேர். இருவர் காலும் படகின் விளிம்பில் ஊன்றியிருக்கும். உடம்பு முழுக்க வெளியே, தண்ணீருக்கு மேலே கிடக்கும். இடுப்புக் கொக்கியில் மாட்டிய மெல்லிய கம்பிதான் அவர்களைப் பாய்மரத்தோடு பிணைத்திருக்கிறது. மிதவை வந்ததும் படகைக் காற்றின் போக்கில் திருப்ப வேண்டும். திரும்பும்போது ஒரு கணம் காற்று முழுப் பலத்தோடு பாயின் மேல் வந்து விழும். அந்த அழுத்தம் படகின் அணியத்தைத் தண்ணீருக்குள் அமுக்கும். அணியம் ஒரு சாண் கூடுதலாக உள்ளே போனால் படகு குப்புறப் பாய்ந்துவிடும்; கம்பியில் தொங்கும் இருவரும் கவண்கல் போல முன்னால் எறியப்படுவார்கள்.

அந்தக் கணத்தில் பாய்க்கயிறு வைத்திருப்பவர் அதைச் சரியான அளவு விட்டுக்கொடுக்க வேண்டும். அதிகம் விட்டால் வேகம் செத்துவிடும். குறைவாக விட்டால் கவிழ வேண்டியதுதான். சுக்கான் பிடித்தவரும் அதே நேரத்தில் அதே அளவில் திருப்ப வேண்டும். இருவரும் விளிம்பிலேயே இரண்டடி பின்னால் நகர்ந்து எடையைப் பின்புறம் சேர்க்க வேண்டும். திரும்பி முடிந்த கையோடு கயிற்றுக்காரர் கம்பியிலிருந்து உள்ளே பாய்ந்து, கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றை இழுத்து, பலூன் போன்ற முன்பாயை மேலேற்றிவிட்டு, அதன் கயிற்றோடு மறுபடி வெளியே போய்த் தொங்க வேண்டும். அதுவரை சுக்கான்காரர் தனியாளாகப் படகைத் தாங்கிக்கொண்டிருப்பார். பேசிக்கொள்ள நேரம் கிடையாது. பேசினாலும் காற்று விழுங்கிவிடும்.

அப்புறம் படகு எழும்பும். அடிப்பாகம் தண்ணீரை விட்டு மேலே வந்ததும் அலை மோதும் சத்தம் சட்டென்று அடங்கி, கீழிருந்து ஒரு ரீங்காரம் மட்டும் கேட்கும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், மோட்டார் இல்லாமல், காற்றை மட்டும் நம்பி ஓடும் பறக்கும் படகு அது. அதன் பெயர் நாக்ரா 17.

ஒலிம்பிக்கில் ஓடும் இந்த இரட்டை உடல் பந்தயப் படகுக்கு விதி ஒன்று உண்டு. ஏறும் இருவரில் ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருந்தாக வேண்டும். யார் சுக்கான், யார் கயிறு என்பதை விதி சொல்வதில்லை. பாய்மரப் படகுப் போட்டியில் கட்டாயக் கலப்பு அணி என்பது ஒலிம்பிக்குக்குள் முதன்முதலில் இந்தப் படகின் வழியாகத்தான் வந்தது, 2016 ரியோவில்.

கலப்பு அணி என்றதும் பலர் மனதில் வரும் சித்திரம் எனக்குத் தெரியும். ஆண் ஓட்டுவார், பெண் துணைக்கு உட்கார்ந்திருப்பார் என்று நினைப்பார்கள். இந்தப் படகில் துணைக்கு உட்கார இடமே கிடையாது. இரண்டு மெல்லிய உடல்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். ஒருவர் தப்பு செய்தால் இருவரும் தண்ணீரில்.

திறந்திருந்த கதவும் உள்ளே வராதவர்களும்

நாக்ராவுக்கு முன்னால் ஒலிம்பிக்கில் இரட்டை உடல் படகு என்றால் டொர்னாடோதான். இங்கிலாந்தைச் சேர்ந்த ராட்னி மார்ச் 1967இல் வடிவமைத்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் தொடங்கி 2008 பெய்ஜிங் வரை ஓடியது. விதிப்படி அதன் கடைசி ஒலிம்பிக்கில் அது எல்லோருக்கும் திறந்த போட்டி. ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் அந்தக் கதவு வழியே வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெய்ஜிங்கில் பெல்ஜியம் படகில் செபாஸ்டியன் கோட்ஃப்ராவோடு ஓடிய கரோலைன் பிரௌவர் அரிதான விதிவிலக்கு.

‘எல்லோரும் வரலாம்’ என்று பலகை மாட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். பணம், பயிற்சியாளர், படகு, கூட்டாளி எல்லாம் ஏற்கனவே ஆண்களைச் சுற்றி அமைந்திருக்கும் இடத்தில், திறந்த கதவு யாரையும் உள்ளே இழுத்து வராது.

2012 லண்டனில் இரட்டை உடல் படகே இல்லை, டொர்னாடோவை நீக்கிவிட்டார்கள். மறுபடி சேர்க்கலாம் என்று 2011இல் உலகப் பாய்மரப் படகு அமைப்பு முடிவெடுத்தபோதுதான் ‘கலப்பு அணி’ என்ற நிபந்தனையும் சேர்ந்தது. எந்தப் படகு என்று பார்க்க 2012 மார்ச்சில் ஸ்பெயினின் சான்டாண்டரில் ஒத்திகை வைத்தார்கள். பல நிறுவனங்களின் படகுகள் வந்தன. ஜீனோ மொரெல்லியும் பீட் மெல்வினும் வடிவமைத்து, நெதர்லாந்தின் நாக்ரா நிறுவனம் கட்டிய புதுப் படகு தேர்வானது. நீளம் 5.25 மீட்டர், ஏறக்குறைய பதினேழு அடி. பெயரிலுள்ள 17 அதைத்தான் குறிக்கிறது. அகலம் 2.59 மீட்டர், பாய்மரம் கார்பன் இழை.

கலப்பு அணிக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த படகு என்பது அதில் ஏறும் ஆட்களின் எடையைப் பார்த்தால் புரியும். இரட்டை உடல் படகில் காற்று ஒரு பக்கம் தள்ள, ஆட்களின் எடை மறுபக்கம் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். எடை அதிகமானால் மெல்லிய காற்றில் படகு நகராது. குறைந்தால் பலத்த காற்றில் தாக்குப்பிடிக்காது. நாக்ராவுக்குத் தோதானது இருவர் எடையும் சேர்த்து ஏறக்குறைய 120 முதல் 140 கிலோ. சராசரி ஆணும் சராசரிப் பெண்ணும் சேர்ந்தால் வரும் கூட்டுத்தொகை அது. எடை கூடிய இரண்டு ஆண்கள் ஏறினால் இந்தப் படகுக்குப் பாரம்தான். ஆக, இங்கே பெண் இருப்பது சலுகையால் வந்ததில்லை, படகே அப்படிக் கேட்கிறது. தனியாள் பலத்தை அது கேட்பதில்லை. கூட்டு எடையையும், அந்த எடை எந்த நொடியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும்தான் கேட்கிறது.

ஒரே ஒரு புள்ளி

ரியோவுக்கு முந்தைய நான்கு வருடமும் உலகப் பட்டம் ஒரே ஜோடியிடம் இருந்தது. பிரான்ஸின் பில்லி பெஸ்ஸோன், மாரி ரியூ. 2013, 14, 15, 16 என்று வரிசையாக நான்கு. ரியோவில் தங்கம் அவர்களுக்குத்தான் என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்டார்கள். ஒலிம்பிக் நேரத்தில் பெஸ்ஸோனுக்கு முதுகுத்தண்டில் கோளாறு. வலியோடுதான் ஓட்டினார், கம்பியில் தொங்கும் விளையாட்டில் முதுகு போனால் என்ன மிஞ்சும்? ஆறாம் இடம். மாரி ரியூ பின்னாளில் உலகைச் சுற்றிவரும் வோல்வோ ஓஷன் ரேஸில் டாங்ஃபெங் படகில் ஏறி 2018இல் வென்றார். அதே படகில் இருந்த இன்னொரு பெண், பெய்ஜிங்கில் டொர்னாடோ ஓட்டிய அந்தக் கரோலைன் பிரௌவர்.

ரியோவின் தங்கம் போனது வேறு ஒருவர் வீட்டுக்கு. அர்ஜென்டினாவின் சாந்தியாகோ லாங்கே. அப்போது வயது 54. படகு வடிவமைப்பு படித்தவர். டொர்னாடோவில் 2004இலும் 2008இலும் வெண்கலம் வாங்கியவர். 2015இல் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டுபிடித்து, நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மூச்சுக்கே பஞ்சம் வந்த உடம்போடு அடுத்த வருடம் ஒலிம்பிக்குக்கு வந்து நின்றார். அது அவருக்கு ஆறாவது ஒலிம்பிக். கூட்டாளி செசிலியா கரான்சா சரோலி, அவரைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர்.

லாங்கேயைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் புற்றுநோயை எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். செசிலியாவைப் பற்றி அந்த அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம். லேசர் ரேடியல் என்ற ஒற்றையாள் படகில் இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர். தனியாளாக எல்லா முடிவையும் தானே எடுத்துப் பழகியவர், கூட்டாளி வேண்டிய படகுக்கு மாறி, கூட்டாளி அறுவைச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பும் பதக்கத்தின் பாதி.

கடைசிப் பதக்கப் பந்தயம் குவனபாரா விரிகுடாவில், 2016 ஆகஸ்ட் 16. முதல் பத்து படகுகளுக்கு மட்டுமான பந்தயம், புள்ளிகள் இரட்டிப்பு. பாய்மரப் போட்டியில் புள்ளி குறைந்தவர்தான் வெற்றியாளர். அர்ஜென்டினா படகுக்கு ஒன்றல்ல, இரண்டு தண்டனைகள் கிடைத்தன. தண்டனை என்றால் பந்தயத்தின் நடுவில் படகை நிறுத்தாத குறையாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும். மற்றவர்கள் போய்க்கொண்டிருக்க, இவர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆறாவதாக வந்து சேர்ந்தார்கள். கூட்டிப் பார்த்தால் அர்ஜென்டினா 77. ஆஸ்திரேலியா 78. ஆஸ்திரியாவும் 78. ஒரே ஒரு புள்ளியில் தங்கம்.

லாங்கேயின் மகன்கள் யாகோவும் கிளாஸும் அதே ஒலிம்பிக்கில் 49ஈஆர் படகு ஓட்ட வந்திருந்தார்கள். முடிவு தெரிந்ததும் இருவரும் தண்ணீரில் குதித்து நீந்திப் போய் அப்பாவின் படகைப் பிடித்தார்கள். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நனைந்த இரண்டு பிள்ளைகளும் அப்பாவும் சேர்ந்திருக்க, செசிலியா பக்கத்திலேயே சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பறக்கவைத்தார்கள்

ரியோ முடிந்த கையோடு 2016 நவம்பரில் இன்னொரு முடிவு வந்தது. நாக்ரா இனி தண்ணீரில் ஓடாது, தண்ணீருக்கு மேலே பறக்கும்.

இதன் சூட்சுமம் நீருக்கடியில் இருக்கும் இறக்கையில் இருக்கிறது. படகின் இரண்டு உடலிலிருந்தும் கீழே இறங்கும் பலகைகள் முன்பு லேசாக வளைந்திருந்தன. இப்போது அவை ஆங்கில ‘இசட்’ எழுத்து போல மடங்கி, நுனி படகுக்கு அடியில் உள்நோக்கிப் படுத்திருக்கும். சுக்கான்களின் அடியிலும் தலைகீழ் ‘டி’ போல ஒரு குறுக்கு இறக்கை. விமான இறக்கை காற்றில் செய்வதை இவை தண்ணீரில் செய்கின்றன. தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தி என்பதால் சின்ன இறக்கையே ஒரு படகையும் இரண்டு ஆட்களையும் தூக்கிவிடும். உடல் மேலே வந்துவிட்டால் தண்ணீரோடு உராய்வது அந்தக் கத்தி போன்ற பலகைகள் மட்டும்தான். பிறகு வேகத்தைக் கேட்கவா வேண்டும்!

பறப்பது சுலபம், ஒரே உயரத்தில் நிற்பதுதான் கஷ்டம். அதிகம் எழும்பினால் இறக்கை தண்ணீரை விட்டு வெளியே வந்து, பிடி போய், படகு பொத்தென்று விழும். இதற்கு அந்த மடங்கிய வடிவத்திலேயே ஒரு தீர்வு ஒளிந்திருக்கிறது. படகு மேலே போகப் போக, பலகையின் செங்குத்துப் பகுதி தண்ணீருக்குள் குறையும். அது குறைந்தால் படகு பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கும். வழுக்கினால், கீழே சாய்வாகப் படுத்திருக்கும் நுனியின் மேல் தண்ணீர் மோதும் கோணம் குறையும். கோணம் குறைந்தால் தூக்குவிசை குறைந்து, படகு தானே சற்று இறங்கும். கம்ப்யூட்டரும் இல்லை, உணர்கருவியும் இல்லை. உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டைப் படித்துப் புரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஆனாலும் மிச்சத்தை மனிதர்தான் பார்க்க வேண்டும். ஒரு காற்றடி வந்தால் பாய்க்கயிற்றை விட்டு, காற்று ஓய்ந்தால் இழுத்து, நொடிக்கு நொடி அந்தக் கை வேலை செய்துகொண்டே இருக்கும். காற்றை எதிர்த்து ஓடும்போது பெரிய பாயின் கயிறு முன்னால் நிற்பவர் கையில் இருக்கிறது. பெரும்பாலான அணிகளில் அவர் பெண். படகின் ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டும் அந்தக் கயிறுதான். பறக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கயிற்றின் பொறுப்பு இன்னும் கூடிப்போனது. முன்பு தப்பினால் மெதுவாகப் போவார்கள். இப்போது தப்பினால் விழுவார்கள்.

விழுவது விளையாட்டில்லை. 2017இல் பிரான்ஸின் லா கிராந்த் மோட்டில் உலகப் போட்டிக்கு முந்தைய பயிற்சியில் படகு கவிழ்ந்து, அமெரிக்க வீரர் ஒருவர் வலக்கை விரல்களின் பகுதியை இழந்தார். நீருக்கடியில் இருக்கும் அந்த இறக்கைகளின் ஓரமும் கூர்மையானது. இப்போது வீரர்கள் ஹெல்மெட்டும், அடி தாங்கும் மேலுடுப்பும் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள். வேகத்துக்காக இவ்வளவு ஆபத்து தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். பார்க்கிறவர்களின் பரவசத்துக்காக விரல்களைப் பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பாதுகாப்பை மேலும் மேலும் கூட்டுவது படகைச் செய்கிறவர்களின் கடமை.

பெயர் நம்முடையது, உடல் வேறிடத்தது

இந்தவகைப் படகை உலகம் ‘கேடமரான்’ என்கிறது. நம்முடைய கட்டுமரம்தான் அது என்பது நமக்குப் பெருமை. சரிதான், சொல் நம்முடையதுதான். சோழமண்டலக் கரையில் பார்த்த மிதவைகளை அந்தப் பெயரோடு 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர். ஆனால் நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. மிதக்கும் கட்டைகளை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்தது அது. சிறுவயதில் கோவளம் பக்கத்தில் அதைக் கட்டவிழ்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கரைக்கு வந்ததும் கயிற்றை உருவி, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். ஈரம் ஏறிய கட்டை கனக்கும், கனத்தால் மிதப்பு போகும். மறுநாள் விடிவதற்கு முன் மறுபடி கட்டு.

இரண்டு உடலை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்களால் இணைக்கும் வித்தை பசிபிக் தீவுகளின் மக்களுடையது. அந்த வடிவத்தின் மேல் நம் பெயர் போய் ஒட்டிக்கொண்டது. 1876இல் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் நதானியேல் ஹெர்ஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகைக் கொண்டுவந்து எல்லோரையும் முந்தினார். மற்றப் போட்டியாளர்கள் ஆட்சேபம் எழுப்ப, படகைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். ‘கேடமரான்’ என்ற சொல் இரட்டை உடல் படகுக்கு நிலைத்துப்போனதில் அவருக்குப் பங்கு உண்டு. பெயர் தந்தவர்களுக்கும் வடிவம் தந்தவர்களுக்கும் சேர்த்தே கடன்பட்டிருக்கிறது இந்த விளையாட்டு.

தொடர்ந்து இரண்டு தங்கம்

பறக்கும் நாக்ராவின் காலம் இத்தாலிக்காரர்களின் காலம். ருஜ்ஜெரோ டீட்டா, கத்தெரினா பான்டி. ருஜ்ஜெரோ வடக்கு இத்தாலியின் மலைப் பகுதிக்காரர், கத்தெரினா ரோம் நகரத்தவர். 2018இல் டென்மார்க்கின் ஆர்ஹஸில் உலகப் பட்டம் வென்றார்கள். 2021இல் ஜப்பானின் எனோஷிமா கடலில் ஒலிம்பிக் தங்கம். 2024இல் மார்செயில் மறுபடியும் தங்கம். வெள்ளி இந்த முறை அர்ஜென்டினாவின் மதேயோ மஹ்தலானி, யூஹேனியா போஸ்கோ ஜோடிக்கு. வெண்கலம் நியூசிலாந்துக்கு.

இரண்டு ஒலிம்பிக்குக்கும் இடையில் படகும் மாறியிருந்தது. எனோஷிமாவில் சுக்கான் இறக்கையின் கோணத்தைப் பந்தயத்துக்கு முன்பே வைத்துவிட வேண்டும். அதனால் படகு முழுசாகப் பறந்தது காற்றின் போக்கில் ஓடும்போதுதான். அதன் பிறகு ஓடிக்கொண்டே கோணத்தை மாற்றலாம் என்று வந்தது. காற்றை எதிர்த்து ஏறும்போதும் பறக்கத் தொடங்கினார்கள். இருவர் கையிலும் வேலை இன்னும் கூடியது. அவ்வளவு மாறிய படகிலும் அதே ஜோடி முதலாவதாக வந்தது என்றால், காரணத்தைப் படகில் தேடிப் பயனில்லை. இருவருமாகக் கடலில் கழித்த வருடங்களில்தான் தேட வேண்டும். மார்செயோடு கத்தெரினா ஒலிம்பிக் ஓட்டத்தை முடித்துக்கொண்டார்.

ஒரு குறை எனக்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. விதி யார் சுக்கான் என்று சொல்லாவிட்டாலும், ஒலிம்பிக் பதக்க மேடை ஏறிய படகுகளில் சுக்கான் ஆணிடம்தான் இருந்திருக்கிறது. ரியோவில் நெதர்லாந்தின் மாண்டி முல்டர் சுக்கான் பிடிக்க, கோன் டி கோனிங் கயிறு பிடித்தார். அப்படியும் முடியும் என்று காட்டினார்கள். ஆனால் அது இன்னும் வழக்கமாகவில்லை. சின்ன வயதில் சுக்கான் பிடிக்கப் பழகிய பெண்கள் எத்தனை பேர் என்பதில்தான் இதன் பதில் இருக்கிறது. அவர்கள் பத்து வயதில் ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகில் ஏறும்போதே அது தீர்மானமாகிவிடுகிறது.

நம் பக்கத்திலும் பெண்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வர்ஷா கௌதமும் ஸ்வேதா ஷெர்வேகரும் 49ஈஆர் எஃப்எக்ஸ் படகில் வெள்ளி வென்றார்கள். டோக்கியோவில் நேத்ரா குமணன் ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை ஆனார். 2023இல் சீனாவில் நடந்த ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் நாக்ரா 17 கலப்புப் போட்டியின் பட்டியலில் இந்தியாவுக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சித்தேஷ்வர் தோய்போடே, மற்றது ரம்யா சரவணன்.

நாக்ரா ஓட்டப் பழக ஒரு படகு மட்டும் வாங்கிவிட்டால் போதாது. நாம் வேகமா மெதுவா என்பதைப் பக்கத்தில் ஓடும் இன்னொரு நாக்ராவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பாயை அரை அங்குலம் இறுக்கிப் பார்க்க வேண்டும், பக்கத்துப் படகோடு ஒப்பிட வேண்டும், மறுபடி தளர்த்த வேண்டும். பெரிய அணிகள் இதை நாள் முழுக்கச் செய்கின்றன. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு காலைக் காற்றில், நான்கு பேர் நான்கு கம்பிகளில் தொங்க, இரண்டு நாக்ராக்கள் அருகருகே எழும்பிப் போவதைக் கரையில் நின்று பார்க்க வேண்டும் எனக்கு.